வலது பின்சக்கரம்

உஷித்சே, ஜனவரி 12

விதோசாவா அக்காவுக்கு,

ஆறு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர் நீங்கள். இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாலும் போடுவீர்கள். போடுவதற்கு முன் முதல் பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

இடது தோள் எலும்பு உடைந்திருக்கிறது. கட்டுப் போட்டு, என் தங்கை யாகொதா வீட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். தலை வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் கேட்டை உடைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஜனவரி ஏழாம் தேதி, நம் கிறிஸ்துமஸ் விடியலில் நான் உங்கள் வீட்டுக்கு வரக் கிளம்பவில்லை என்பது உங்களுக்கே தெரியும். மேலூர் டீச்சர் வீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் நான்தான் முதல் விருந்தாளி. அன்றைக்கு வாசலில் முதலில் கால் வைக்கிறவரின் ராசிதான் வருஷம் முழுக்க என்பார்களே, என் கால் ராசியான கால் என்று டீச்சருக்கு நம்பிக்கை. உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் வளைவில் பனிக்கட்டி. வண்டி பம்பரமாகச் சுற்றியது. அப்புறம் உலகமே என்னைவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது, நான் பின்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தேன். கேட், விறகுக் குவியல், உங்கள் சமையலறைப் படி. நின்றது.

கதவைத் திறந்தீர்கள். "அடி பட்டுச்சா, உசுரு இருக்கா" என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று பார்த்தேன். முதல் விருந்தாளிக்குத் தூவுகிற கோதுமையை ஒரு கை அள்ளி என் முகத்தில் எறிந்தீர்கள். அதன் பிறகு எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை. யாரோ என்னை முக்காலியில் உட்கார வைத்ததும், கையில் நெருப்புக் கிளறும் கம்பியைக் கொடுத்ததும் கனவு மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் சிவப்பு வண்டி, மிளகாய், உங்கள் முற்றத்தில் கிடக்கிறது. முப்பத்தோரு வயது. ஒன்பது ஊருக்கும் சீப்பு, கத்தரி, தாங்கியில் நிற்கும் முடி உலர்த்தும் தொப்பி எல்லாவற்றையும் சுமந்தது. பின்பக்கம் நசுங்கிவிட்டதால் இனி எழுந்திருக்காது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார், தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள். அந்தப் பணத்தை வைத்து வசந்தத்துக்குள் வேறு ஒன்று வாங்கியாக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் என் தொழில் இல்லை. யாகொதாவின் சலூனில் முடி கூட்டிக்கொண்டு மிச்ச காலத்தைத் தள்ள வேண்டியதுதான்.

ரொசாந்தா


ப்ரெஸோவிக், ஜனவரி 19

ரொசாந்தா,

பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. பாதிரியாரிடம் கேட்டேன், எழுதலாம் என்றார்.

உன் கையால் என் தலை கெட்டது. மகன் கல்யாணத்தன்று ஊரே பார்க்க என் முடி பச்சையாக இருந்தது. போட்டோவிலும் பச்சை. பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அது பழையபடி வளரும்வரை உன்னோடு பேச்சில்லை, நீ என் வாசலை மிதிக்கவும் கூடாது என்றேன். நீ மிதிக்கவில்லை. வண்டியோடு வந்து விழுந்தாய். அது வேறு கணக்கு.

இந்த வருஷம் முதல் விருந்தாளியாக என் அண்ணன் மகன் மிலுனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு உனக்குப் பத்து நிமிஷம் பின்னால் வந்தான். உடைந்த கேட்டில் நின்று, "அப்ப நான் எதுக்கு அத்தை?" என்றான். 

பனியில் சக்கரத் தடம் பார்த்தேன். கேட் எல்லையை முதலில் தாண்டியது வலது பின்சக்கரம். வலது கால். என் வீட்டுக்காரர் திஹோமிர் சிரித்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தடத்தைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. ஆக, இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு முதல் விருந்தாளி உன் வண்டி. நீ அதற்குள் இருந்த சாமான்.

முதல் விருந்தாளி தட்ட வேண்டிய அடுப்பு ஓக் கட்டையை நீதான் தட்டினாய், பொறி பறந்தது. "எத்தனை பொறியோ அத்தனை ஆட்டுக்குட்டி, அத்தனை குழந்தை" என்று சொல்வதுதானே உலக வழக்கம். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "எத்தனை பொறியோ அத்தனை தலைமுடி." சொல்லிவிட்டு மயங்கிவிட்டாய். திஹோமிருக்கு இருபது வருஷமாக வழுக்கை. மிலுன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

முதல் விருந்தாளியைச் சாப்பாடு போடாமல், பரிசு கொடுக்காமல் அனுப்பினால் அந்த வருஷமே விளங்காது. உன்னை ஆம்புலன்ஸ்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான். வண்டியாவது இருக்கிறது. அதை இரும்புக்காரனிடம் கொடுக்கச் சொல்கிறாயா? விருந்தாளியை எடைபோட்டு விற்கும் வீடு இல்லை இது. வெள்ளிக்கிழமை யாரையும் அனுப்பாதே.

விதோசாவா


உஷித்சே, பிப்ரவரி 3

விதோசாவா அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்குள் இரும்புக்காரர் வந்துவிட்டுத் திரும்பியாயிற்று. லாரியில் வண்டி இல்லை. கையில் ஒரு பாட்டில் பிளம் சாராயம், அரை முழம் தொத்திறைச்சி. "அந்தம்மா வண்டிக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்காங்க. கண்ணாடியில ஒரு ஜோடி காலுறை தொங்குது. நான் எப்படிங்க தூக்குறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலிக்கிறது, அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஆனாலும் எனக்குக் கோபம் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிச் சந்தைக்கு யாகொதாவின் கணவர் ரடோயேவோடு போனேன். அங்கே நிற்கிற ஒவ்வொரு வண்டியும் ஜெர்மனியில் ஒரு டாக்டர் வைத்திருந்ததாம், மழையில் நனைந்ததே இல்லையாம். அத்தனை டாக்டர்கள் இருந்தால் அங்கே நோயாளி யார் என்று கேட்டேன். ரடோயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

ஒரு வண்டி பேசியது. உட்கார்ந்ததும் "பெல்ட் போடு" என்றது. கதவு சரியாக மூடவில்லை என்றது. பெட்ரோல் குறைவு, காற்றுக் குறைவு, பின்னால் ஆள். எனக்கு ஏற்கெனவே ஒரு தங்கை இருக்கிறாள். இன்னொன்று பார்க்க அழகுதான், ஆனால் உலர்த்தும் தொப்பியைப் படுக்க வைக்கக்கூட இடமில்லை, கெட்டால் பெல்கிரேடிலிருந்து கம்ப்யூட்டரோடு ஆள் வரவேண்டுமாம். மிளகாய்க்கு ஒருமுறை மேலூர் ஏற்றத்தில் இன்ஜின் பெல்ட் அறுந்தது. காலில் போட்டிருந்த நைலான் உறையைக் கழற்றி அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். மூன்று கல்யாணத் தலை முடித்துவிட்டு வீடு வந்தேன். கொட்டும் பனியிலும் சாவியை ஒரே திருப்புத்தான், இருமாது, தும்மாது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சாவியைத் திருப்பினேன். கை அப்படி நடுங்கியது. தோள் வலி என்று சொல்லி இறங்கிவிட்டேன். யாகொதாவிடம் இதைச் சொல்லவில்லை. என்னோடு பேசாத ஒருவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

வண்டியைக் கொடுங்கள் அக்கா.

ரொசாந்தா


ப்ரெஸோவிக், பிப்ரவரி 22

ரொசாந்தா,

கொடுக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

திஹோமிரின் தலையில் முடி முளைத்திருக்கிறது. காதுக்கு மேலே முதலில் ஒரு பூஞ்சை மாதிரி. சோப்பு நுரை ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. "ஏய், விடுடி, அது என்னோடது" என்றார். இப்போது தேவாலயத்தில் தொப்பியைக் கழற்ற வேண்டிய நேரத்துக்கு முன்பே கழற்றிவிடுகிறார்.

ஆடுகளைப் பார். ஆட்டு மருத்துவர் வந்தவர் கம்பளிக்குள் கையை விட்டுவிட்டு, "இதுக்கு என்னம்மா தீனி போடுறீங்க?" என்றார். நாய்க்குக் கண் தெரியாத அளவுக்கு முடி. டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டிய ராசி எங்கள் வீட்டில் இறங்கிவிட்டது என்று மேலூரில் புலம்புகிறார்களாம். டீச்சர் என்னைக் கடையில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும்.

என் தலையைப் பற்றிக் கேட்காதே. முக்காடு போட்டிருக்கிறேன், முக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது என் விஷயம்.

கை நடுக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் பழுப்புக் குதிரை ஒருமுறை பாலத்தில் வழுக்கி விழுந்தது. ஒரு மாதம் பாலத்துக்குப் பக்கத்தில் போகாது. திஹோமிர் அதை அடிக்கவில்லை, இழுக்கவில்லை, தினமும் கூடவே நடந்து போய்ப் பாலத்தருகே புல் தின்ன விட்டார். ஒரு நாள் அதுவே தாண்டியது. உன்னைக் குதிரை என்று சொல்லவில்லை.

ஒரு கேள்வி. அந்த உலர்த்தும் தொப்பி எவ்வளவு உயரம்? ஓட்டும்போது உன் இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ளி வைப்பாய்? சும்மாதான் கேட்கிறேன்.

விதோசாவா


உஷித்சே, மார்ச் 14

அக்கா,

தொப்பி என் இடுப்பு உயரம். இருக்கையைக் கடைசி வரை முன்னால் தள்ளுவேன், எனக்குக் கால் குட்டை. உங்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஆட்டுக்குச் சடை பின்னுங்கள், என்னிடம் கதை கேட்காதீர்கள்.

நான் நல்ல மனநிலையில் இல்லை. தோள் கூடிவிட்டது. நேற்றுத்தான் யாகொதாவின் சலூனில் நின்றேன். ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலி. "மணி அடிச்சா வாங்க, மணி அடிச்சாப் போங்க" என்கிற வேலை. வருகிறவர்கள் எல்லாம் போனைக் காட்டி "இது மாதிரி" என்கிறார்கள். ஒருத்தி பேர்கூடச் சொல்லவில்லை. உங்கள் ஊர்களில் ஒரு தலையை வெட்டி முடிப்பதற்குள் யார் மாடு கன்று போட்டது, யார் மகன் வியன்னாவிலிருந்து கடிதம் போடவில்லை, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். யாகொதா சொல்கிறாள்: "நாப்பத்தொம்பது வயசாச்சு. இன்னும் மலையேறிப் போய் ஆட்டுக்காரிக்கு முடி வெட்டப் போறியா? மே மாச ஜார்ஜ் திருநாளுக்குள்ள முடிவைச் சொல்லு. இல்லேன்னா நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்." அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள், அதுதான் எரிச்சல்.

என் சேமிப்புக்குள் வருகிற வண்டி எதுவும் மலைக்கு ஆகாது. மலைக்கு ஆகிற எதுவும் என் சேமிப்புக்குள் வராது. சலூன் வேலைக்குக் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன்.

போகிற போக்கில் ஒன்று கேட்கிறேன், இனி எனக்குப் பயம் எதற்கு? அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் சாயம் போட்டுவிட்டுக் கிளம்பும்போது உங்கள் முடி தேன் நிறத்தில் இருந்தது. திஹோமிர் அண்ணனே விசில் அடித்தார். ராத்திரிக்குள் பச்சையானது. இங்கே ஒரு பெண் சொன்னாள், செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் பட்டால் சாயம் போட்ட முடி பச்சையாகுமாம். பளபளப்பு வேண்டும் என்று யாராவது சாராயம் காய்ச்சும் செம்பு அண்டாவில் மழைத்தண்ணீர் சுடவைத்துத் தலைக்கு ஊற்றினார்களா? ஆறு வருஷம் நான் தலை குனிந்து உங்கள் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் தக்காளி நடுங்கள்.

ரொசாந்தா


ப்ரெஸோவிக், ஏப்ரல் 2

ரொசாந்தா,

அண்டாவைப் பற்றி இனி ஒரு வரி எழுதாதே.

கையெழுத்துப் போடாதே. ஒன்பது ஊரிலும் ஒருத்தியும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. உனக்காகக் காத்திருக்கிறார்கள். டீச்சரின் நெற்றி முடி மூக்கு வரை வந்துவிட்டது, கரும்பலகையில் கோணலாக எழுதுகிறாளாம். தபால்காரர் மனைவி ஆட்டு முடி வெட்டும் கத்தரியால் தானே வெட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்த பிறகு மற்றவர்கள் இன்னும் உறுதியாகக் காத்திருக்கிறார்கள். பேருந்து ஓட்டுநர் ஸ்ரெதோயே தினமும் "ரொசாந்தா எப்ப வருவா?" என்று என்னைக் கேட்கிறான். ஏதோ நான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

முதல் விருந்தாளிக்கான பரிசு இன்னும் பாக்கி இருக்கிறது. சாக்ஸ் என்று நினைத்துக்கொள். ஜார்ஜ் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை பேருந்தில் வா. தொப்பியையும் சீப்புப் பெட்டியையும் எடுத்து வா.

வாசலை மிதிக்கலாம். பேச்சு கிடையாது.

விதோசாவா


உஷித்சே, மே 7

விதோசாவா அக்கா,

நடந்ததை உங்களுக்கே திரும்ப எழுதுவது கிறுக்குத்தனம்தான். யாகொதாவிடம் சொன்னேன், நம்பவில்லை. உங்களுக்கு எழுதினால்தான் நடந்தது நிஜம் என்று எனக்கே உறைக்கும்.

பேருந்தை விட்டு இறங்கியதும் நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற திஹோமிர் அண்ணனிடம், "அவகிட்ட சொல்லு, இளைச்சுப் போயிட்டா" என்றீர்கள். "இளைச்சுப் போயிட்டியாம்" என்றார் அவர். "அவகிட்ட சொல்லு, முதல்ல சாப்பிடணும்." "சாப்பிடணுமாம்." நான் நேராக உங்களைப் பார்த்து "சரி அக்கா" என்றால், "என்ன சொல்றா?" என்று அவரைக் கேட்கிறீர்கள். பாவம் மனுஷன், நடுவில் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த முடியைப் பார்த்தேன். வாத்துக்குஞ்சு மாதிரி இருக்கிறது. யாரையும் வெட்ட விடாதீர்கள், நானே வந்து வெட்டுகிறேன்.

அப்புறம் முற்றத்துக்குக் கூட்டிப் போனீர்கள். கம்பளியை இழுத்தீர்கள்.

வெள்ளை வண்டி. சிவப்பு முன் மூடி, சிவப்புக் கதவு.  மேலூர்க்காரர் ஒருவர் அதே மாதிரி வண்டியைப் பன்னிரண்டு வருஷமாகக் கோழிக்கூண்டாக வைத்திருந்தாராம். இன்ஜின் இல்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதற்கு என் மிளகாயின் இன்ஜினையும் முன் மூடியையும் கதவுகளையும் அண்ணன் மாட்டியிருக்கிறார். வண்டிப் பதிவு வேலைகளைக்கூட முடித்து வைத்திருக்கிறார். பின் இருக்கை இருந்த இடத்தில் தொப்பிக்கு ஒரு மரச் சட்டம், சரியாக என் இடுப்பு உயரம். அப்போதுதான் உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது. தக்காளி நடச் சொல்லி எழுதியவள் நான். அடித்துக்கொள்ள ஆயிரம் செருப்பு வேண்டும்.

"அவகிட்ட சொல்லு, சாவி வண்டியிலதான் இருக்கு" என்றீர்கள். உட்கார்ந்தேன். இருக்கை கடைசி வரை முன்னால் இருந்தது. திருப்பினேன், ஒரே திருப்பு, அதே சத்தம். கை நடுங்க ஆரம்பித்தது. வளைவு அங்கேயே தெரிகிறது. இறங்கிவிடலாம் என்று கதவில் கை வைத்தேன்.

நீங்கள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தீர்கள். முக்காட்டை இறுக்கிக் கட்டினீர்கள். அண்ணன் வெளியே நிற்கிறார், சொல்லியனுப்ப ஆள் இல்லை. என்ன செய்யப் போகிறார் பார்ப்போம் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். நீங்கள் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மிளகாய், அவகிட்ட சொல்லு. மெதுவாப் போகட்டும். அவசரம் ஒண்ணுமில்ல. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

போனோம். வளைவு வரை போனோம். அங்கே நிறுத்தினேன். நீங்கள் பையிலிருந்து ரொட்டியும் வெங்காயமும் எடுத்துப் பாதி எனக்குக் கொடுத்தீர்கள், அந்தக் குதிரைக்குப் புல் கொடுத்த மாதிரி. தின்றுவிட்டு வளைவைத் தாண்டினேன். டீச்சர் வீடு வரை போய், அவள் நெற்றி முடியை வெட்டி, திரும்பி வந்தோம். நான் அழுதேன், சிரித்தேன். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், உங்கள் காது சிவந்திருந்தது.

யாகொதாவிடம் நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். "கோழி நாத்தம் அடிக்குது" என்று வண்டியைச் சுற்றி வந்தாள். ஓட்டும் இருக்கைக்கு அடியில் நேற்று ஒரு முட்டை கிடைத்தது. எந்தக் காலத்து முட்டையோ, உடைக்கப் பயமாக இருக்கிறது.

பிற்பகல் கிளம்புகிறேன். அடுத்த வாரம் உங்கள் ஊர் முறை.

உங்கள் ரொசாந்தா


ப்ரெஸோவிக், ஜனவரி 3

ரொசாந்தா,

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் நீ முதலில் வரவேண்டும். டீச்சரோடு சண்டை வராது. அவள் வீட்டுக்கு மிலுனை அனுப்புகிறேன். அவன் போன வருஷச் சட்டையையே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறான், அவள் சம்மதித்துவிட்டாள்.

புதுக் கேட்டை திஹோமிர் இரண்டு மடங்கு அகலமாகப் போட்டிருக்கிறார். வளைவில் காலையிலேயே சாம்பலும் மணலும் தூவிவிடுவார். சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி மாட்டிக்கொண்டு வா. முன்பக்கமாகவே வரலாம். பின்பக்கமாக வந்தால்தான் ராசி என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதே. ஆனால் வலது சக்கரம் முதலில் கேட் எல்லையைத் தாண்ட வேண்டும். கொஞ்சம் சாய்த்து ஓட்டு. வண்டிக்கும் உனக்கும் தனித்தனியாகக் கோதுமை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை கண்ணில் எறிய மாட்டேன்.

கட்டையைத் தட்டும்போது ஆட்டுக்குட்டி, குழந்தை என்று வழக்கமாகச் சொல். முடி போதும். திஹோமிர் இப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை சீப்பு எடுக்கிறார், வேலை நடக்கவில்லை.

உன் சீப்புப் பெட்டியையும் தேன் நிறச் சாயத்தையும் எடுத்து வா. என் முடி காதைத் தாண்டித் தோளுக்கு வந்துவிட்டது. சத்தியம் முடிந்தது. பூசை முடிந்து, சாப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னிடம் ஏழு வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறது, அதைப் பேச வேண்டும். நீ வெட்டிக்கொண்டே கேள்.

தலை அலசத் தண்ணீர் எனாமல் பாத்திரத்தில் சுடவைப்பேன்.

விதோசாவா